பேயும் சிரிப்பும் துப்பும்: சிறார் நாவல் ஒன்றை வேலூரிலிருந்து எழுதி அச்சேற்ற விரும்புவோருக்கு

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொஞ்சம் பயமுறுத்தி, நிறையச் சிரிக்கவைத்து, கடைசிப் பக்கம் வரை துப்புத் தேடவைக்கும் நாவல் ஒன்றை எழுத வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். காட்பாடியில் இருந்துகொண்டு அப்படி ஒரு நாவலை எழுதி, 500 படிகள் அச்சடித்து, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டுசேர்க்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஓராண்டு எழுதுவதில் போனது. மற்றோராண்டு, எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்ற வரிசை தெரியாமல் அலைந்ததில் போனது. அந்த இரண்டாவது ஆண்டை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசைப்படி எழுதுகிறேன். பெரிய பதிப்பகம் ஏற்றுக்கொண்டால் கீழே வரும் ஐந்தாம் கட்டத்துக்குப் பிறகுள்ள பெரும்பாலான வேலைகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்களே வெளியிடுவதாக இருந்தால் எல்லாமே உங்கள் தலையில்தான்.

1. பயம், சிரிப்பு, மர்மம் மூன்றையும் ஒரே முளையில் கட்டுங்கள்

என் முதல் வரைவில் பேய் ஒரு பக்கம், நகைச்சுவை ஒரு பக்கம், திருட்டு ஒரு பக்கம் என்று மூன்றும் தனித்தனியாகக் கிடந்தன. படித்த பிள்ளைகள் சிரிப்பு வரும் இடங்களை மட்டும் தேடிப் படித்துவிட்டு மற்றதைத் தள்ளிவிட்டார்கள். எது பயமுறுத்துகிறதோ அதுவே துப்பாகவும் இருக்க வேண்டும். அந்தத் துப்பைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வதிலிருந்து சிரிப்பு வர வேண்டும். இரண்டாம் வரைவில் இதைத்தான் செய்தேன். பாலாற்று மணலில் இரவு நேரத்தில் ஒரு வெளிச்சம் நடந்து போகிறது. பாட்டி அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறார். பிள்ளைகள் வேப்பிலை, எலுமிச்சம்பழம், பழைய செருப்பு ஆகியவற்றோடு பிசாசுக்குப் பசித்தால் கொடுப்பதற்கென்று ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். மறுநாள் காலையில் பொட்டலம் காலியாகக் கிடக்கிறது. எலும்புகள் மட்டும் ஒரு காகிதத்தில் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பிசாசு எலும்பை மடித்து வைக்குமா என்று ஒரு சிறுமி கேட்கிறாள். அந்த ஒரே காகிதம் பயமாகவும், சிரிப்பாகவும், மணல் திருட்டைக் காட்டிக்கொடுக்கும் முதல் துப்பாகவும் ஆகிவிடுகிறது.

எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு நோட்டில் நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்: அத்தியாய எண், எது பயமுறுத்துகிறது, எது சிரிக்கவைக்கிறது, எந்தத் துப்பு கிடைக்கிறது. ஓர் அத்தியாயத்தில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தால் அந்த அத்தியாயத்தை வேறொன்றோடு சேர்த்துவிடுங்கள். முடிவை முதலில் எழுதிக்கொள்வதும் அவசியம். குற்றத்தைச் செய்தவர் யார், அதை நிரூபிக்கும் மூன்று தடயங்கள் எவை என்பதை முடிவு செய்துவிட்டு, அந்த மூன்றும் கதையின் பாதிக்குள் வாசகர் கண்ணில் பட்டுவிடும்படி வையுங்கள். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு மாமா வந்து எல்லாவற்றையும் விளக்கினால் பிள்ளைகள் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்கள், அதை வெளிப்படையாகச் சொல்லியும் விடுவார்கள்.

பயத்தின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வயதுக்கு ஓசை, நிழல், காலடித் தடம், காணாமல் போன பொருள் ஆகியவை போதும். இரத்தமும் பிணமும் வேண்டாம். பிள்ளைகள் எவ்வளவு தூரம் இருட்டுக்குள் போனாலும் திரும்பி ஓடிவர ஒரு வீடும், கதவைத் திறக்க ஒரு பெரியவரும் கதையில் இருக்க வேண்டும். சிரிப்பைப் பொறுத்தவரை நான் கண்டிப்பாகவே இருக்கிறேன்: குண்டான பையன், கறுத்த பெண், திக்கிப் பேசுகிறவன் என்று ஒருவரை வைத்துச் சிரிப்பு மூட்டுகிற பழக்கம் நம் சிறுவர் கதைகளில் நிறைய உண்டு, அதை விட்டுவிடுங்கள். உங்கள் வாசகரில் அந்தப் பிள்ளையும் இருக்கிறது.

2. ஊரைப் பற்றிய தகவலைச் சரிபாருங்கள்

பேய்க்கதை நம்பும்படியாக இருக்க வேண்டுமென்றால் பேயைத் தவிர மற்ற எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். வட ஆற்காட்டுப் பகுதியில் இதற்கான சரக்குக்குப் பஞ்சமில்லை. அகழி சூழ்ந்த வேலூர்க் கோட்டை இருக்கிறது. நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து 1981ஆம் ஆண்டில்தான் மீண்டும் வழிபாட்டுக்கு வந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இரவெல்லாம் விழித்திருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் குவிமாடம் இருட்டில் மெல்லத் திறக்கும் ஓசையை மலைப்பக்கத்துச் சிறுவன் ஒருவன் முதன்முதலாகக் கேட்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். ஓர் அத்தியாயம் தானே கிடைத்துவிடும்.

ஆனால் தகவல் பிழை ஒன்று இருந்தால் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989ஆம் ஆண்டில் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019ஆம் ஆண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆகவே இன்றைக்கு நடக்கிற கதையில் ஆம்பூரையும் காவலூரையும் வேலூர் மாவட்டம் என்று எழுதாதீர்கள். கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10 அன்று. அதைத் தொட்டு எழுதினால் நாளையும் மாதத்தையும் மாற்றிவிடாதீர்கள். அங்கே உயிர்விட்டவர்களை வேடிக்கைப் பேய்களாக ஆக்கவும் வேண்டாம்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. மக்கள் கும்பிடுகிற முனீஸ்வரனையோ அம்மனையோ பேயாகக் காட்டாதீர்கள். உண்மையில் இருக்கிற வீட்டையோ பள்ளியையோ பேய் உலவும் இடமாகப் பெயர் சொல்லி எழுதாதீர்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது நாளெல்லாம் தொல்லை. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அட்டைக்கு நிழற்படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே அங்குள்ள அலுவலகத்தில் அனுமதி விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓவியமாக வரையச் சொல்லிவிடுவதே எளிது என்பது என் எண்ணம்.

3. அளவையும் மொழியையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஆங்கிலத்தில் இந்த வயதுக்கான நாவல்கள் முப்பதாயிரம், நாற்பதாயிரம் சொற்கள் வரை போகும் என்று படித்துவிட்டு நானும் அவ்வளவு எழுதினேன். தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால், பதினைந்தாயிரம் முதல் பதினெட்டாயிரம் சொற்களே நல்ல நீளமான சிறார் நாவலாகிவிடும். நான் 16,000 சொற்களில் முடித்தேன். டெமி 1/8 அளவில், 14 புள்ளி எழுத்தில், பக்கத்துக்கு ஏறத்தாழ 180 சொற்கள் என்ற கணக்கில் எழுத்து மட்டும் 90 பக்கங்களை எடுத்தது. படங்களும் முன்பக்கங்களும் சேர்ந்து 112 பக்கங்கள் ஆயின. இந்த எண் தற்செயலாக வந்ததன்று. அச்சகத்தில் 16 பக்கங்கள் ஒரு ஃபாரம் என்று கணக்கு. 112 பக்கங்கள் சரியாக ஏழு ஃபாரம். 114 பக்கங்கள் என்றால் அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனியாகக் காகிதமும் கூலியும் ஆகும்.

கதை சொல்லும் நடையை எளிய எழுத்துத் தமிழாக வைத்துக்கொண்டு, உரையாடலை மட்டும் நம் ஊர்ப் பேச்சில் எழுதுங்கள். ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’ ஆகியவை வேலூர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுக் குரலாகக் கேட்கும். மதுரைப் பிள்ளைக்கும் புரிய வேண்டும் என்பதால் ஒரு வரியில் இத்தகைய சொல் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

4. அச்சுக்கு முன் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் மிகுதி. நண்பர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது இதற்கு ஈடாகாது. பெரியவர்கள் உங்கள் மனம் நோகக் கூடாது என்று பேசுவார்கள். மே மாத விடுமுறையில், வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டி நிற்கிற பிற்பகல்களில், பிள்ளைகள் வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். அதுதான் நல்ல நேரம். எங்கள் தெருவில் ஆறு பிள்ளைகளை மாடிப்படிக்குக் கீழே உட்காரவைத்து, மோர் கொடுத்து, நாளொன்றுக்கு இரண்டு அத்தியாயம் வீதம் பத்து நாட்கள் படித்தேன்.

ஏழாம் அத்தியாயத்தில், ஆற்று மணலில் காலடித் தடத்தைப் பிள்ளைகள் பின்தொடரும் காட்சியை நான் மிகவும் உழைத்து எழுதியிருந்தேன். படித்துக்கொண்டிருக்கும்போது, ஐந்தாம் வகுப்புப் போகிற சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள். “அக்கா, அமாவாசைன்னு சொன்னியே, அப்ப நெலா வெளிச்சம் எங்கிருந்து வந்திச்சி?” என்றாள். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்தாம் அத்தியாயத்தில் அமாவாசை; அதே இரவில் ஏழாம் அத்தியாயத்தில் நிலவொளியில் தடம் தெரிகிறது. நான்கு பெரியவர்கள் படித்து, ஒருவர் பிழை திருத்திய பிரதி அது. அன்றிரவே நிலவை எடுத்துவிட்டு ஒரு பையன் கையில் அவன் அண்ணனின் சைக்கிள் விளக்கைக் கொடுத்தேன். அந்த விளக்கு அணைந்து அணைந்து எரிவதில் புதிதாக ஒரு பயமும் கிடைத்தது.

படிக்கும்போது பிள்ளைகள் எங்கே நெளிகிறார்கள், எங்கே பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள் என்பதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குற்றவாளி யார் என்று ஒவ்வொரு நாளும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பாதியிலேயே எல்லோரும் சரியாக எழுதிவிட்டால் மர்மம் மெலிதாக இருக்கிறது. கடைசி நாள் வரை ஒருவரும் எழுதவில்லை என்றால் நீங்கள் துப்பை மறைத்துவிட்டீர்கள். ஆறில் ஒருவரோ இருவரோ ஒன்பதாம் நாளில் கண்டுபிடித்தால் அளவு சரி.

5. ஓவியருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள்

சிறார் நாவலுக்குப் படம் வேண்டும். பேய்க்கதைக்குக் கறுப்பு வெள்ளைப் படமே பொருத்தம், செலவும் குறைவு. பணம் கொடுத்து வரைந்து வாங்கிவிட்டால் படம் நம்முடையது என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்காத ஓவியர் வரைந்த படத்தின் முதல் உரிமையாளர் யார் என்பது படத்தின் வகையையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. உரிமை ஓவியரிடம் இருந்து, அது உங்களுக்கு வர வேண்டுமானால் அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் விதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் மட்டுமே அதிலிருந்து விலக்கு.

ஆகவே ஒரு பக்க ஒப்பந்தத்தில் இவற்றை எழுதுங்கள்: படங்களின் எண்ணிக்கை, ஒரு படத்துக்கான தொகை, முன்பணம், ஒப்படைக்கும் நாள், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், அச்சு நூலுக்கு மட்டுமா மின்னூலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்தா, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, ஓவியர் பெயர் எங்கே இடம்பெறும். முழு உரிமையையும் வாங்கிக்கொள்வது முறையன்று என்பது என் கருத்து. நூலுக்குத் தேவையான உரிமையை மட்டும் பெற்றுக்கொண்டு, அசல் ஓவியத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். 14 படங்களுக்கும் அட்டைக்கும் இரண்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. பக்க வடிவமைப்பில் எழுத்துரு உடையாமல் பாருங்கள்

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பல வடிவமைப்பாளர்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறார்கள். உங்கள் கோப்பை அதற்கு மாற்றித் திரும்ப யூனிகோடுக்குக் கொண்டுவரும்போது ‘ஔ’ என்பது ‘ஒள’ ஆவதும், காலும் ரகரமும் இடம் மாறுவதும் நடக்கும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவரானால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ என்ற தெரிவைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். என் நூலின் முதல் மெய்ப்பில் (பிழை பார்க்க எடுக்கும் பிரதியில்) ‘கொள்ளிவாய்’ வருகிற இடமெல்லாம், ககரத்துக்கு இடப்பக்கம் நிற்க வேண்டிய கொம்பு வலப்பக்கம் தாவி, ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றது. அந்தத் தெரிவை மாற்றியதும் 112 பக்கங்களும் ஒரு நொடியில் சரியாயின. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள், பிழைகளை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த முயன்று மூன்று வாரத்தை இழந்திருந்தோம்.

பத்திகளை இருபுறமும் இழுத்துச் சமன் செய்யாமல் இடப்பக்கம் மட்டும் சீராக விடச் சொல்லுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும், புதிதாகப் படிக்கிற பிள்ளையின் கண் அதில் தடுக்கும். இறுதி பிடிஎஃபைத் தாளில் எடுத்து, எழுதியவரல்லாத ஒருவரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுங்கள்.

7. ஐஎஸ்பிஎன் எண்ணை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்

நான் பெரிதும் அடிபட்ட இடம் இது. ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் தனி அடையாள எண். இந்தியாவில் இந்த எண்ணை வழங்குவது, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. எழுத்தாளரே வெளியிடுபவராகத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். இது தெரியாமல், எல்லாவற்றையும் முடித்துத் தருகிறோம் என்று சொன்ன ஒரு பதிப்புச் சேவை நிறுவனத்துக்கு ஐஎஸ்பிஎன் கட்டணம் என்று தனியாக 3,000 ரூபாய் கொடுத்தேன். பிறகுதான் அந்த எண்ணில் வெளியீட்டாளர் என்ற இடத்தில் அவர்கள் பெயர் இருப்பது தெரிந்தது. நூலக விண்ணப்பமானாலும் இணைய விற்பனையானாலும், பதிவேட்டில் வெளியீட்டாளராக இருப்பவரையே கேட்பார்கள். என் நூலுக்கு நானே வெளியீட்டாளராக இல்லாத நிலையில், அந்த ஏற்பாட்டிலிருந்து விலகிப் புதிதாக விண்ணப்பித்தேன்.

தேவையானவை: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நூலின் தலைப்புப் பக்கம், அட்டையின் முன்னும் பின்னும். ஆதாரில் உள்ள பெயரும் நீங்கள் பதிவு செய்யும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். புனைபெயரில் எழுதுகிறவர்கள் ஆசிரியர் பெயராகப் புனைபெயரையும் வெளியீட்டாளராக ஆதார்ப் பெயரையும் தருவது குழப்பத்தைத் தவிர்க்கும். தலைப்பைப் பிறகு மாற்றாதீர்கள். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். எண் 13 இலக்கங்கள் கொண்டது, 978 என்று தொடங்கும். அடுத்து வரும் 81 அல்லது 93 இந்தியாவைக் குறிக்கும்.

சில நாட்களில் எண் வந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஆவணத்தைத் திருத்தி மீண்டும் ஏற்றியதையும் சேர்த்து ஐந்து வாரம் ஆயிற்று. ஆறு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது அட்டையின் வரைவு போதும், பட்டைக் குறி (பார்கோடு) இருக்க வேண்டியதில்லை. எண் வந்த பிறகு அதற்கான பட்டைக் குறியைப் பின்னட்டையில் வைத்து, அதன் பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள். நான் பொறுமையிழந்து பட்டைக் குறி இல்லாமலே அட்டையை அச்சடித்துவிட்டேன். புதிய எண் வந்ததும் 500 ஒட்டுவில்லைகள் அடித்து, சமையலறை மேசையில் வைத்து இரண்டு இரவுகள் நானும் என் தங்கையும் ஒவ்வொன்றாக ஒட்டினோம். பளபளப்பில்லாத மங்கல் லேமினேஷன் மீது அந்த ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. ஓரம் நிமிர்ந்து, தூசி சேர்ந்து, கடைக்காரர்கள் பழைய புத்தகமா என்று கேட்டார்கள்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமன்று. எழுதியவுடனே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. பதிவுச் சான்று கையில் இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் பதிப்புரிமை அலுவலகத்தில் படிவம் 14 வழியாக விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருந்த பிறகே பரிசீலிப்பார்கள். நூல் வெளியீட்டை இதற்காக நிறுத்திவைக்க வேண்டாம்.

8. அச்சுச் செலவும் விலையும்

மூன்று அச்சகங்களில் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். வேலூரில் ஒன்று, சென்னையில் ஒன்று, சிவகாசியில் ஒன்று என்று நான் வாங்கினேன். மூவரிடமும் ஒரே விவரத்தைச் சொல்ல வேண்டும்: டெமி 1/8, 112 பக்கங்கள், உள்தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ என்ற அச்சுத்தாள், பழுப்பு நிறச் சாயல், ஒரே வண்ணம், அட்டை 250 ஜிஎஸ்எம், நான்கு வண்ணம், மங்கல் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசையிட்டு ஒட்டும் கட்டு), 500 படிகள். அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் அச்சுக் கூலிக்கு வரி சேர்ப்பார்கள். சொன்ன தொகையில் அது அடங்குமா என்று கேளுங்கள். லாரி வாடகையையும் கேளுங்கள். சிவகாசி விலை குறைவாகத் தெரிந்தது, வாடகையைச் சேர்த்ததும் உள்ளூர் விலைக்கு வந்துவிட்டது. உள்ளூரில் கொடுத்தால் முதல் ஃபாரத்தை நேரில் போய்ப் பார்க்கலாம் என்பது பெரிய நன்மை. அப்படிப் போனபோதுதான் இரவுக் காட்சிப் படங்களில் மை அதிகமாகி, பிள்ளைகளின் முகமே தெரியாமல் போயிருந்ததைக் கண்டு நிறுத்தினேன்.

எனக்கு ஆன செலவு இது. உங்களுக்கு ஆண்டையும் காகித விலையையும் பொறுத்து மாறும். அச்சு 38,000 ரூபாய், 14 படங்கள் 11,200, அட்டை ஓவியம் 5,000, பக்க வடிவமைப்பு 4,480, மெய்ப்பு 2,800, பதிப்புரிமைப் பதிவு 500. மொத்தம் 61,980 ரூபாய். ஒரு படிக்கு ஏறத்தாழ 124 ரூபாய். நானோ அச்சகச் செலவான 76 ரூபாயை மட்டும் மனத்தில் வைத்து, அதை இரட்டித்து 150 ரூபாய் என்று விலை போட்டுவிட்டேன். கடைக்காரர் 35 விழுக்காடு கழிவு எடுத்துக்கொண்டால் என் கைக்கு வருவது 97 ரூபாய் 50 காசு. கடையில் விற்ற ஒவ்வொரு படிக்கும் 26 ரூபாய்க்கு மேல் நட்டம். மொத்தச் செலவைப் படிகளால் வகுத்து, கழிவு போக அது மீள்கிறதா என்று பார்த்த பிறகே விலையை அச்சிடுங்கள். என் கணக்குக்கு 200 ரூபாய் போட்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது அதிகம் என்று தோன்றினால், பள்ளியில் நேரடியாக விற்கும்போது கழிவைக் கடைக்காரருக்குப் பதில் பிள்ளைக்கே கொடுக்கலாம்.

9. நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

நூல் அக்டோபர் கடைசியில் கையில் இருக்க வேண்டும். நவம்பர் 14 குழந்தைகள் நாளில் பள்ளிகள் எழுத்தாளர்களை அழைக்கின்றன. அன்றே தேசிய நூலக வாரமும் தொடங்கி 20 வரை நடக்கிறது. அதையடுத்துப் பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி. டிசம்பரில் அச்சகத்துக்குப் போனால் பெரிய பதிப்பகங்களின் நூல்களுக்கும் நாட்காட்டி, டைரி வேலைகளுக்கும் பின்னால் உங்கள் நூல் நிற்கும். தீபாவளியை ஒட்டி பைண்டிங் ஆட்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே மே மாதம் பிள்ளைகளிடம் படித்துக் காட்டல், ஜூன், ஜூலை ஓவியம், ஆகஸ்ட் முற்பாதி பக்க வடிவமைப்பு, ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய ஐஎஸ்பிஎன், அக்டோபர் முதல் வாரம் அச்சகம். மார்ச், ஏப்ரலில் வெளியிடாதீர்கள். தேர்வு நேரத்தில் எந்தத் தலைமையாசிரியரும் கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

10. நூல் வந்த பிறகு

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கு ஒரு படியும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு படியும் உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அனுப்பிய அத்தாட்சியையும் பெறுகைச் சீட்டையும் ஒரு கோப்பில் வையுங்கள். பொது நூலக இயக்ககம் நூல் கொள்முதலுக்கு விண்ணப்பம் கோரும் அறிவிப்பை வெளியிடும்போது குறுகிய காலமே கொடுக்கும்; ஐஎஸ்பிஎன் சான்று, பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், அட்டையின் படக்கோப்பு ஆகியவற்றை முன்பே ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தால் கடைசி நாள் ஓட்டம் மிச்சம்.

அரசுப் பள்ளிகளில் கதை சொல்லவோ நூல் விற்கவோ போகிறீர்கள் என்றால், முதலில் முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். நேராகத் தலைமையாசிரியரிடம் போனால் அவரைச் சங்கடத்தில் தள்ளுவீர்கள். கடிதத்தோடு ஒரு படியை இணைத்து, பேய் வருகிற கதை என்பதையும் அதன் முடிவில் பேய் என்னவாகிறது என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். மூடநம்பிக்கையை வளர்க்கும் நூலோ என்ற கேள்வி உறுதியாக எழும். அதற்குப் பதில் கடிதத்திலேயே இருந்தால் கோப்பு நகரும்.

தனி வாசகருக்கு அஞ்சலில் அனுப்ப, 2025 மே முதல் நடைமுறையில் உள்ள ‘ஞான் போஸ்ட்’ சேவையைக் கேளுங்கள். 300 கிராம் வரை 20 ரூபாயும், 5 கிலோ வரை 100 ரூபாயும் ஆகும், இந்தக் கட்டணத்தோடு வரியும் சேரும். உள்ளே விளம்பரத்தாள் வைக்கக் கூடாது, நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். என் நூல் எடை 300 கிராமுக்குள் வந்தது, உறையோடு நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த அட்டைப் பெட்டியில் வைத்தால் அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும்.

மின்னூலை நான் பிறகுதான் போட்டேன். கிண்டிலில் தமிழ் நூல் ஏற்றலாம், அதற்கு ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் கையில் பிடித்துத்தான் படிக்கிறார்கள், ஆகவே அவசரம் ஒன்றுமில்லை.

500 படிகளில் 20 படிகளைத் தனியே கட்டி, விற்காமல் வையுங்கள். நூலகம், விருது, மதிப்புரை என்று கேட்டு வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்க நேராது. ஒரே ஒரு படியின் முதல் பக்கத்தில் ‘திருத்தப் படி’ என்று எழுதி மேசையிலேயே வைத்துக்கொண்டு, பிள்ளைகள் சொல்லும் பிழைகளை அதில் சிவப்பு மையால் குறித்து வாருங்கள். என்னுடைய அந்தப் படியில் இதுவரை பதினொரு பிழைகள் சேர்ந்திருக்கின்றன. கடைசியாக வந்தது, குடியாத்தத்திலிருந்து ஒரு சிறுவன் அஞ்சலட்டையில் எழுதியது: 63ஆம் பக்கத்தில் சைக்கிள் விளக்கு உடைந்துவிட்டது, 71ஆம் பக்கத்தில் எரிகிறது.